பச்சிளங் குழந்தையின் வலிப்பைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்காக என்னிடம் வரும் மாணவர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பை எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினிக்குக் கற்பிக்கும் மெஷின் லேர்னிங் கொண்டு கண்டறிய வேண்டும் என்று ஆசைப்பட்டு வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த மாடலை, அதாவது கற்றுக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் எந்தக் கணக்கு முறையை, எடுக்கலாம் என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் ஏழாவது இடம் கொடுத்திருக்கிறேன். மூளை அலையைத் தன் கண்ணால் பார்த்து, இது வலிப்பு, இது வலிப்பு அல்ல என்று ஓரளவாவது பிரிக்கத் தெரியாதவர், அந்த வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கப் புகுந்தால் என்ன நடக்கும் என்பதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. இது மென்பொருள் செய்யக் கற்பவர்களுக்கான குறிப்பு. பெற்றோருக்கான மருத்துவ ஆலோசனை அன்று. வீட்டில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்ததாகச் சந்தேகம் எழுந்தால், கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதையும் வெங்காயத்தை முகர வைப்பதையும் விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். முடிந்தால், வேறொருவர் அந்த அசைவைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

1. நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் மூளையில் நரம்பு இணைப்புகள் இன்னும் முழுதாக உருவாகவில்லை. நரம்புகளின் மேலுறையும் முதிரவில்லை. ஆகவே அங்கே எழும் மின்புயல் உடல் முழுவதும் பரவி வெளியே தெரிவதில்லை. கண் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, உதடு சப்புக் கொட்டுவது, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைவது, சில நொடிகள் மூச்சு நிற்பது ஆகியவையே அடையாளங்களாக இருக்கலாம்; எந்த அடையாளமும் இல்லாமலும் போகலாம். அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மின் அலையைத் தலையில் ஒட்டும் மின்முனைகளால் எடுக்கும் இ.இ.ஜி-யில் பதிவான வலிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உடலில் வெளித்தெரிந்தது என்றும், மருத்துவப் பணியாளர்கள் வலிப்பு என்று குறித்துவைத்தவற்றில் 27 விழுக்காடு மட்டுமே உண்மையில் வலிப்பாக இருந்தது என்றும் தெரியவந்தது. கண் இரண்டு பக்கமும் தவறுகிறது: இருப்பதைக் காண்பதில்லை, இல்லாததைக் காண்கிறது. இந்தத் துறையே எதற்காக உருவானது என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 5 வரை வலிப்புக்கு ஆளாவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நிறைமாதக் குழந்தைகளில் முதன்மைக் காரணம், பிறப்பின்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவது. அத்தகைய வலிப்பு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். மூளையில் ரத்தக்கசிவு, ரத்தக்குழாய் அடைப்பு, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் சர்க்கரை அல்லது கால்சியம் குறைவது ஆகியவை மற்றக் காரணங்கள். சர்க்கரைக் குறைவைக் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும். உங்கள் மென்பொருள் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்தச் சொட்டு ரத்தத்துக்கு முன்னே அது போக முடியாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முதல் மருந்தாகக் கொடுக்கப்படும் ஃபீனோபார்பிட்டோன் உள்ளே போனபின், சில குழந்தைகளில் கை கால் அசைவு நின்றுவிடும். மூளையில் வலிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிலருகே நிற்பவருக்குக் குழந்தை அமைதியாகத் தூங்குவதுபோலவே தோன்றும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லக்கூடியது இ.இ.ஜி மட்டுமே.

2. கட்டிலருகே போய்ப் பாருங்கள்

கோரிமேட்டில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை என்று இந்தப் பகுதியில் பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. உரிய முறையில் துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று, ஒரு பச்சிளங் குழந்தைப் பிரிவில் அரை நாளாவது நின்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். கோப்பாகக் கணினிக்கு வந்து சேரும் அலையில் இல்லாத பல செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.

நான் முதன்முதலில் கற்றுக்கொண்டது எண்ணெயைப் பற்றி. நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்க்காமல் விடமாட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரப்படும் குழந்தையின் தலையில் அந்தப் பிசுக்கு இருக்கும்வரை மின்முனை ஒட்டாது. ஒட்டினாலும் மின்தடை ஏறி, அந்த ஒரு கம்பியின் அலை மட்டும் தாறுமாறாக அலையும். தொழில்நுட்பர் பஞ்சால் பொறுமையாகத் துடைத்து, பசை வைத்து, வலைத்தொப்பி போட்டு அழுத்தும் அந்த இருபது நிமிடத்தை நேரில் பார்த்தவர், தரவில் ஒரு கம்பி காணாமற்போயிருந்தால் அலட்சியமாகச் சுழியத்தை நிரப்பிவிட்டு நகரமாட்டார். குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் கருவியின் வெப்பத்தில் தலை வியர்த்தால் அலை மெல்ல மேலும் கீழுமாக மிதக்கும். இதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

3. தரவை எங்கே பெறுவது

உள்ளூர் மருத்துவமனையிலிருந்து தரவு வாங்கித் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருவதற்குள் உங்கள் கல்வியாண்டே முடிந்துவிடும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019-இல் பொதுவில் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. ஆய்வுத் தரவுகளைப் பகிரும் செனோடோ இணையதளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 79 நிறைமாதக் குழந்தைகள், 19 மின்முனைகள், நொடிக்கு 256 அளவீடுகள், ஒரு குழந்தைக்கு இடைநிலையாக 74 நிமிடப் பதிவு. பைத்தான் நிரல்மொழியில் மூளை அலைகளைக் கையாளும் எம்.என்.இ நூலகத்தை நிறுவினால், அலைகள் சேமிக்கப்பட்டுள்ள இ.டி.எஃப் வடிவக் கோப்புகளை நேரடியாகத் திறந்து பார்க்கலாம்.

இந்தத் தொகுப்பின் சிறப்பு, மூன்று நிபுணர்கள் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், நொடி நொடியாக வலிப்பைக் குறித்திருப்பது. மூவரும் ஒத்துக்கொண்டபடி 39 குழந்தைகளுக்கு வலிப்பு உண்டு. 22 குழந்தைகளுக்கு இல்லை. கூட்டிப் பார்த்தால் 61 வருகிறது. மீதியுள்ள 18 குழந்தைகள் விஷயத்தில் பழுத்த நிபுணர்கள் மூவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு. மாணவர்கள் இந்த 18 பேரைத் தொல்லை என்று எண்ணித் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மாடலுக்குக் கற்பிக்கும் பயிற்சிக்கு மூவரும் ஒத்த நொடிகளை மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சோதனையின்போது அந்த 18 பேரையும் தனியே ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். மருத்துவமனைக்கு வரும் குழந்தை, எளிய குழந்தையாகப் பார்த்து வராது.

4. ஒரு வாரம் அலையை மட்டும் படியுங்கள்

நிரல் எதுவும் எழுதாமல் ஒரு வாரம் கழியட்டும். நாளொன்றுக்குப் பத்துக் குழந்தைகளின் பதிவைத் திறந்து, நிபுணர் குறித்த இடத்தை மூடிவைத்துக்கொண்டு நீங்களே வலிப்பைத் தேடுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். வலிப்பு என்பது திடீரெனத் தொடங்கி, ஒரே மாதிரி வடிவம் திரும்பத் திரும்ப வந்து, போகப் போக உருமாறி, முடிவும் தெளிவாகத் தெரியும் அலைத்தொடர். குறைந்தது 10 நொடி நீடிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் வரையறை. இதில் உருமாறுவதுதான் உயிர்நாடி. தொடங்கும்போது சிறிதாகவும் விரைவாகவும் இருக்கும் அலை, உயரம் கூடிக்கொண்டும் வேகம் குறைந்துகொண்டும் பக்கத்து மின்முனைக்குப் பரவும்.

இதை நான் நெஞ்சில் ஊன்றிக்கொண்டது ஒரு பிழையால்தான். ஒரு மருத்துவமனைப் பதிவில் எங்கள் நிரல், பின்தலை மின்முனைகளில் நொடிக்கு இரண்டு என்ற கணக்கில் ஒழுங்காக வந்த அலையை மிகுந்த உறுதியுடன் வலிப்பு என்று அறிவித்தது. நாங்களும் மகிழ்ந்துபோனோம். அப்போது பக்கத்தில் இருந்த சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, “அது அவங்கம்மா தட்டிக்குடுத்தது சார், அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றார். காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். மடியில் ஒருக்களித்துப் படுத்திருந்த குழந்தையின் முதுகில் தாயின் விரல்கள் நொடிக்கு இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஓர் அலை. அம்மா நிறுத்திய நொடியில் அலையும் நின்றிருந்தது. பிறகு பொறுமையாகப் பார்த்தபோது வித்தியாசம் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது: தொடக்கம் முதல் முடிவு வரை அதே உயரம், அதே வேகம், எங்கும் பரவவில்லை, உருமாறவில்லை. எங்கள் நிரல் ஒழுங்கைக் கற்றிருந்தது; உருமாற்றத்தைக் கற்றிருக்கவில்லை.

இப்படி ஏமாற்றுபவை இன்னும் உண்டு. பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 முறை துடிக்கும். அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்று மேல். அந்தத் துடிப்பு தலையின் மின்முனையில் கசிந்தால், வலிப்பு வாழும் அதே அலைவரிசையில்தான் வந்து உட்காரும். எனவே இ.சி.ஜி கம்பியின் பதிவையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். விக்கல், செயற்கைச் சுவாசக் கருவியின் அதிர்வு, பால் உறிஞ்சும் அசைவு ஆகியவையும் தத்தம் ஒழுங்கோடு வரும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு: ஆழ்ந்து தூங்கும் நிறைமாதக் குழந்தையின் மூளை அலை சில நொடி உயர்ந்தும் சில நொடி தணிந்தும் மாறிமாறி வருவது இயல்பானது. புதியவர்கள் அதை நோய் என்று எண்ணிப் பதறுகிறார்கள்.

5. அலையைச் சுத்தம் செய்து துண்டாக்குதல்

இங்கே செய்ய வேண்டியவை பலருடைய அனுபவத்தில் நிலைபெற்றுவிட்டன. அடுத்தடுத்த மின்முனைகளின் வேறுபாட்டை எடுத்து எட்டு இணைத்தடங்களாக்குங்கள், ஏறத்தாழ 0.5 முதல் 12.8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அலை) வரையுள்ள பகுதியை மட்டும் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நொடிக்கு 256 அளவீடுகளை 32 ஆகக் குறையுங்கள். 8 நொடித் துண்டு ஒவ்வொன்றிலும் 256 எண்கள் இருக்கும். 4 நொடிக்கு ஒரு முறை நகர்ந்து அடுத்த துண்டை எடுத்தால், துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

வரிசை முக்கியம். வடிகட்டாமல் எட்டில் ஓர் அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு குறைத்தால், நம் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் 14 ஹெர்ட்ஸ் அலையாக மடிந்து, மூளை அலைபோல வேடமிட்டு உள்ளே வந்துவிடும். அதன்பின் எந்த வடிகட்டியாலும், இது மூளையுடையது, இது மின்வாரியத்துடையது என்று பிரிக்க முடியாது.

6. குழந்தைவாரியாகப் பிரியுங்கள்

துண்டுகளையெல்லாம் ஒரே குவியலாக்கிக் குலுக்கி, எண்பது பங்கு பயிற்சிக்கு, இருபது பங்கு சோதனைக்கு என்று பிரிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அடுத்தடுத்த துண்டுகள் பாதி ஒன்றாகவே இருப்பதால், சோதனைத் துண்டின் பாதியை மாடல் பயிற்சியிலேயே பார்த்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு குழந்தையின் அலைக்கும் கைரேகைபோலத் தனிச்சாயல் உண்டு. வலிப்பைக் கற்காமல் குழந்தையை மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் ஏறிவிடும். வினாத்தாளை முந்தின நாளே பார்த்தவன் எழுதும் தேர்வு அது. ஒரு குழந்தையின் எல்லாத் துண்டுகளும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தொகுப்பு சிறியது என்பதால், ஒவ்வொரு குழந்தையாக விலக்கிவைத்து மற்றவர்களைக் கொண்டு பயிற்றுவித்து, விலக்கிய குழந்தையிடம் சோதிக்கும் முறையே பொருந்தும். நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். அலையின் அளவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது போன்ற ஆயத்தங்களையும் பயிற்சிக் குழந்தைகளைக் கொண்டு மட்டுமே கணக்கிட வேண்டும்.

7. மாடல்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துண்டிலிருந்து நீங்களே பண்புகளைக் கணக்கிட்டு எடுப்பது: அலைக்கோட்டின் மொத்த நீளம், ஆற்றல், வெவ்வேறு அலைவரிசைகளில் அது பங்கிடப்பட்டிருக்கும் விதம், சுழியக்கோட்டைக் கடக்கும் எண்ணிக்கை, ஒழுங்கின்மையின் அளவு போன்றவை. கார்க் குழுவினர் 2011-இல் இப்படி 55 பண்புகளை எடுத்து சப்போர்ட் வெக்டர் மெஷின் என்னும் வகைப்படுத்தியிடம் கொடுத்தார்கள். மற்றொன்று, எண்களை அப்படியே கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க் என்னும் பல அடுக்கு மாடலிடம் கொடுத்து, பண்புகளை அதுவே தேடிக்கொள்ள விடுவது.

புதியவர்களுக்கு முதல் வழியையே சொல்வேன். இத்தகைய வகைப்படுத்திகள் அடங்கிய சைகிட்-லேர்ன் என்னும் பைத்தான் நூலகமும் ஒரு சாதாரண மடிக்கணினியும் போதும். தவறு நேரும்போது எந்தப் பண்பு ஏமாற்றியது என்று தேடிப் பிடிக்கலாம். தாய் தட்டிக்கொடுத்த கதையில், எட்டு நொடித் துண்டைத் தனியாகப் பார்த்தது எங்கள் குறை என்பது அப்படித்தான் புரிந்தது. முந்தைய துண்டுக்கும் இந்தத் துண்டுக்கும் வேகமும் உயரமும் எவ்வளவு மாறின என்பதையும் பண்பாகச் சேர்த்த பிறகே நிலைமை தேறியது. இரண்டாவது வழியை அதற்குப்பின், நியூரல் நெட்வொர்க் அமைக்க உதவும் பைடார்ச் நூலகத்தில் செய்து பாருங்கள்.

வலிப்புள்ள துண்டுகள் குறைவாகவும் இல்லாதவை மிகுதியாகவும் இருக்கும். பயிற்சியில் இதற்கு எடை கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். வெளிவரும் நிகழ்தகவுகளைப் பல துண்டுகளுக்குச் சராசரி எடுத்து மென்மையாக்கி, ஒரு வரம்பை வைத்து வெட்டி, 10 நொடிக்குக் குறைந்தவற்றை நீக்கிவிடுங்கள். இந்தக் கடைசிக் கைவேலை மாடலை மாற்றுவதைவிட அதிகப் பயன் தருவதை நீங்களே காண்பீர்கள்.

8. மதிப்பெண்ணை மருத்துவரின் மொழியில் சொல்லுங்கள்

தொண்ணூற்றொன்பது விழுக்காடு என்று சொன்னால் கல்லூரியில் கைதட்டுவார்கள். கட்டிலருகே கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 நொடிக்கு ஒரு தீர்ப்பு என்றால் நாளொன்றுக்கு 21,600 தீர்ப்புகள். வலிப்பில்லாத துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகச் சொல்லும் நிரல், வலிப்பே இல்லாத குழந்தைக்கு ஒரே நாளில் 216 முறை பொய் சொல்லும். அன்று மொத்தம் அரைமணி நேரம் வலிப்பு வந்த குழந்தையை எடுத்துக்கொண்டால், வலிப்புள்ள துண்டுகள் 450. அவற்றில் நூற்றுக்கு எண்பதைப் பிடித்தால் 360 மெய், ஏறத்தாழ 211 பொய். மூன்றில் ஒன்றுக்கு மேல் வீண் எச்சரிக்கை மணி. இரண்டாம் நாள் இரவே சிஸ்டர் அந்த மணியின் வாயை அடைத்துவிடுவார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே ஒரு மணிநேரத்துக்கு எத்தனை பொய் எச்சரிக்கை, எத்தனை வலிப்பு தப்பியது, தொடங்கி எத்தனை நொடி கழித்துச் சொன்னது என்ற மூன்றையும் குழந்தைவாரியாக எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது. மோசமாகப் போன குழந்தை எது, ஏன் என்பதற்குத் தனிப்பக்கம் ஒதுக்குங்கள். என்னிடம் வரும் அறிக்கைகளில் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. அயர்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்வீடன் மருத்துவமனைகளில் 258 குழந்தைகளை வைத்து நடந்து, 2020-இல் வெளியான ஆன்சர் என்னும் சோதனையில், நிரலின் துணையுள்ள குழுவில் வலிப்பு வந்த மணிநேரங்களில் 66 விழுக்காடும், துணையில்லாத குழுவில் 45.3 விழுக்காடும் சரியாக இனங்காணப்பட்டன. ஆனால் எந்தக் குழந்தைக்கு வலிப்பு உண்டு என்று கண்டுபிடிப்பதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல ஆண்டுகள் உழைத்த கைதேர்ந்தவர்களின் விளைவு இது. மருத்துவர் வேண்டாம், நிரலே போதும் என்று அறிக்கையில் எழுதும் மாணவர்களிடம் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

9. மருத்துவமனைக்குள் கொண்டுபோவது

நோயறியப் பயன்படும் மென்பொருளும் இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் வருகிறது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர் 2023-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தையின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள். அதிலும், பிரசவித்துப் படுத்திருக்கும் தாய்க்கு ஒரு முறை வாசித்துக் காட்டியதும் புரியும் தமிழில் எழுதுங்கள். “மின்மூளை வரைவுத் தரவுத்தொகுப்பு” என்று எழுதாமல், “தலையில் ஒயர் ஒட்டி எடுத்த பதிவு” என்று எழுதினால் எந்தக் குற்றமும் இல்லை.

நிரலை இணையத்தை நம்பி வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபின் இங்கே எத்தனை நாள் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் கிடந்தோம் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலருகே உள்ள கணினியிலேயே, யு.பி.எஸ் துணையோடு ஓடும் அளவுக்கு மாடல் சிறியதாக இருக்கட்டும்.

முதல் சில மாதங்கள் மணியடிக்காமல், யார் சிகிச்சையையும் தொடாமல், ஓரமாக ஓடிப் பதிவு மட்டும் செய்யட்டும். அத்தோடு கட்டிலில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள்: நேரம், நடந்தது என்று இரண்டே பத்திகள். தட்டிக்கொடுத்தது, விக்கல், பால் கொடுத்தது, ஊசி போட்டது என்று சிஸ்டர்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், நிரலின் ஒவ்வொரு பொய் எச்சரிக்கையோடும் வைத்துப் பார்க்கப் பயன்படும். ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். சுவர்க் கடிகாரமும் இ.இ.ஜி கருவியின் கடிகாரமும் சேர்ந்து ஓடுவதில்லை; எங்களுக்கு அவற்றுக்கிடையே நான்கு நிமிடம் இருந்தது, இரண்டு வாரக் குறிப்பு வீணான பிறகே அது தெரிந்தது. ஒவ்வொரு ஷிப்டு மாறும்போதும் இரண்டு நேரத்தையும் அந்த நோட்டின் முதல் வரியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.